"தாய்ப்பாறையோட மாணிக்கம்" என்று யாராவது வந்தால்

பாறசாலை, களியக்காவிளை, குழித்துறை பக்கம் இருக்கிறவர்கள் கவனிக்கவும். துணிப்பையில் கல்லை வைத்துக்கொண்டு ஓர் ஆள் சுற்றுகிறான். பாறையிலிருந்து பெயர்க்காத மாணிக்கம், பூஜை அறையில் வைத்தால் சூரிய தோஷம் போகும் என்பான். 60,000 ரூபாயில் ஆரம்பித்து என்னிடம் 22,000 கறந்துவிட்டான்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் பாலோடு என்ற ஊர்ப் பக்கத்துக் காட்டில் எடுத்ததாம். ஆள் கெட்டிக்காரன், மெய்யோடு சேர்த்துத்தான் பொய்யை விற்கிறான். திருவனந்தபுரம் மாவட்டத்தில் வைடூரியம் கிடைப்பது நிஜம். பாலோடு பக்கம் திருட்டுத்தனமாகக் கல் தோண்டியவர்கள் பிடிபட்ட செய்தியும் வந்திருக்கிறது. ஆகவே, "பில்லு கேட்டா ஃபாரஸ்ட்காரன் வீட்டுக்கு வருவான் அண்ணே" என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. ரசீது இல்லாததே கல்லுக்கு ரசீது மாதிரி ஆகிவிடுகிறது!

உள்ளங்கை அளவு வெள்ளைக் குவார்ட்ஸ் பாறை. நடுவில் கட்டைவிரல் நகத்தளவு ஆறு பட்டைச் சிவப்புக் கல். அதன் முனையால் கண்ணாடித் துண்டில் ஒரு கோடு போட்டான், ஆழமாக விழுந்தது. பிறகு யூவி (புற ஊதா) டார்ச் அடித்தான், கல் கனல் மாதிரி சிவந்தது. டார்ச் அடிக்கும்போது விரல்களால் கல்லைச் சுற்றி அணைத்துப் பிடித்திருந்தான். வெளிச்சம் சிதறக் கூடாது என்பதற்காகவாம்.

திருவனந்தபுரத்தில் ரத்தினம் சோதிக்கும் இடத்துக்குக் கொண்டுபோனேன். அந்த அம்மா லென்ஸைக்கூட எடுக்கவில்லை. "குவார்ட்ஸ்லயா மாணிக்கம்?" என்றுதான் முதலில் கேட்டார். மாணிக்கம் என்பது அலுமினியம் ஆக்ஸைடு, அதாவது குருந்தம். குவார்ட்ஸோ முழுக்க சிலிக்கா. சிலிக்கா மிகுந்த பாறையில் அலுமினா (அந்த அலுமினியம் ஆக்ஸைடுதான்) தனியாக நிற்காது. சிலிக்காவோடு சேர்ந்து சில்லிமனைட், கயனைட் என்ற வேறு கனிமங்களாக மாறிவிடும். குவார்ட்ஸுக்குள் மாணிக்கம் விளைவது அநேகமாக நடக்காத காரியம். நம்ம பக்கத்தில் கிடைக்கும் கொண்டலைட் என்ற பாறையில் சிவப்புச் சிவப்பாகத் தெரிவது கார்னெட் என்ற வேறு கல். கூடவே சில்லிமனைட்டும் இருக்கும், மாணிக்கம் இருக்காது.

அறையை இருட்டாக்கி அவரும் யூவி அடித்தார், விரலால் மறைக்காமல். கல் சிவந்தது. கல்லைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று பால் நீலத்தில் ஒளிர்ந்தது. எபாக்ஸி பசை! பஞ்சில் அசிட்டோன் நனைத்து ஓரத்தில் வைத்துக் காத்திருந்தோம். பாறை என்று நான் நினைத்திருந்த பகுதி ஊறி, கல்பொடி கலந்த மாவாக ஊசிமுனையில் ஒட்டிக்கொண்டு வந்தது. கல் கழன்றதும் அடியில் டிரில் போட்ட வட்டக் குழி. ஆறு பட்டைக் கல் வளர்ந்த இடம் வட்டமாகவா இருக்கும்?

சிவப்புக் கல் போலி இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். நிஜமான குருந்தம்தான், ஆனால் ஒளி புகாத மட்ட ரகம். கர்நாடகத்திலிருந்து இந்த மாதிரிக் கல் மலிவாக வருகிறதாம். குருந்தத்தின் கடினம் பத்துக்கு 9, கண்ணாடி ஐந்தரைதான். கோடு விழத்தானே செய்யும். அவன் காட்டிய சோதனையெல்லாம் கல்லுக்கு, மோசடி இருந்தது கல்லும் பாறையும் சேருகிற இடத்தில்.

ஸ்டேஷனில் "பில்லுண்டோ?" என்ற ஒரு கேள்வியோடு முடிந்தது. முன்பணமாக ஜிபேயில் அனுப்பிய 2,000 ரூபாய்க்கு மட்டும்தான் சாட்சி இருக்கிறது. அதை வைத்து சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் புகார் சொல்லியிருக்கிறேன், பார்ப்போம்.

ஒட்டியதெல்லாம் மோசடி என்று சொல்லவில்லை. உடைந்த நல்ல கல் மாதிரிகளைப் பசை வைத்துச் சேர்ப்பது சேகரிப்பாளர்களிடம் உண்டு. யோக்கியமான வியாபாரி அதைச் சொல்லித்தான் விற்பார்.

இப்போது அதே ஆள் மார்த்தாண்டம் பக்கம் பச்சைக் கல் கொண்டுவருவதாகக் கேள்வி. மரகதம் என்றால் மேலே சொன்ன குவார்ட்ஸ் கணக்கு உதவாது, அது குவார்ட்ஸிலும் வரும், கறுத்த மைக்கா (அப்பிரகம்) பாறையிலும் வரும். மைக்காவில் இருந்தால் ஓரத்தை லென்ஸில் பாருங்கள். இயற்கையாக வளர்ந்ததில் மைக்கா ஏடுகள் கல்லின் பட்டையோடு வளைந்து ஒட்டியிருக்கும். இடையில் ஏடே இல்லாமல் மாவு பூசியது போல ஒரு பட்டை தெரிந்தால் பசைதான். கையோடு அசிட்டோன் ஒரு சின்ன பாட்டில் கொண்டுபோங்கள். ஓரத்தில் வைத்துப் பார்க்கிறேன் என்றதும் அவன் கல்லைப் பிடுங்கிப் பையில் போட்டால், பையை போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.