56 தேசியப் பூங்கா வெள்ளி நாணயங்கள் கொண்ட மரப்பெட்டி: வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களும் வரலாற்றுத் தலங்களும் பொறிக்கப்பட்ட கால் டாலர் நாணயங்களைச் சேர்ப்பவர்கள், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு அன்பளிப்பாக வெள்ளித் தொகுதி வாங்க எண்ணியிருப்பவர்கள், இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். இணையத்தில் ஒரு விற்பனையாளருக்கு 540 டாலர் கொடுத்து நான் வாங்கிய பெட்டியில் இருந்த 56 நாணயங்களிலும் வெள்ளி என்பது வெறும் முலாமாகவே இருந்தது. அவற்றின் முகமதிப்பு மொத்தம் 14 டாலர். இன்றைக்கு அவற்றுக்கு வேறு மதிப்பும் இல்லை.

இந்த நாணய வரிசை 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2010இல் தொடங்கி 2021 வரை வெளிவந்தது. ஐம்பது மாநிலங்கள், தலைநகர் வாஷிங்டன், ஐந்து ஆட்சிப் பகுதிகள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் என்ற கணக்கில் ஆண்டுக்கு ஐந்து நாணயங்களும் கடைசி ஆண்டில் ஒன்றும் வந்தன. ஆர்கன்சாஸின் ஹாட் ஸ்பிரிங்ஸில் தொடங்கி அலபாமாவின் டஸ்கீகி விமானப்படை வீரர் நினைவிடத்தில் முடியும் அந்த வரிசை, எந்த இடம் முதலில் நாட்டின் பாதுகாப்புக்குள் வந்ததோ அதன்படி அமைந்தது. 2014இல் நாங்கள் குடும்பத்துடன் ஷெனாண்டோவா மலைக்குச் சென்று வந்த சில வாரங்களில், அப்போது தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என் மகளுக்குக் கடையில் மீதிச் சில்லறையாக ஷெனாண்டோவா நாணயம் கிடைத்தது. பாறை முகட்டில் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கும் அந்த மலையேறியின் உருவம் அவளை மிகவும் கவர்ந்துவிட்டது. அன்றிலிருந்து சலவையகத்தில் சில்லறை மாற்றும்போதும், வங்கியில் நாற்பது நாணயங்கள் கொண்ட பத்து டாலர் உருளைகளை வாங்கிப் பிரித்தபோதும் இருவரும் சேர்ந்து தேடினோம்.

தேடத் தேட, நாணயம் எங்கே அச்சானது என்பதைக் காட்டும் நாணயச்சாலைக் குறியைப் படிக்கக் கற்றுக்கொண்டோம். வாஷிங்டன் தலையுருவின் வலப்பக்கம் சிறிதாக இருக்கும் ஆங்கில எழுத்து பி என்றால் ஃபிலடெல்ஃபியா, டி என்றால் டென்வர், எஸ் என்றால் சான் ஃபிரான்சிஸ்கோ. 2019, 2020 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் வெஸ்ட் பாயிண்ட் நாணயச்சாலையின் டபிள்யூ குறியுடன் ஒவ்வொரு வடிவத்திலும் 20 லட்சம் நாணயங்கள் புழக்கத்தில் விடப்பட்டன. அவற்றுள் ஒன்றை, மாசசூசெட்ஸின் லோவெல் நாணயத்தை, மகள் சலவையகத்தில் கண்டெடுத்த நாளின் மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை. அந்த எழுத்து பொய் சொல்லாது என்ற நம்பிக்கை எங்களுக்குள் வேரூன்றியது அப்போதுதான். பின்னர் நான் ஏமாந்ததும் அந்த நம்பிக்கையால்தான்.

அவள் பள்ளிப் படிப்பை முடிக்கும்போது முழு வரிசையையும் வெள்ளியில் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. வெள்ளி நாணயங்கள் புழக்கத்துக்கு வருவதில்லை; சான் ஃபிரான்சிஸ்கோவில் புரூஃப் என்னும் கண்ணாடி மெருகுள்ள சிறப்புத் தரத்தில் அச்சிடப்பட்டுச் சேகரிப்பவர்களுக்கென்றே விற்கப்பட்டவை அவை. விற்பனையாளரின் பக்கத்தில் 'வெள்ளிப் பூங்கா நாணயங்கள், 56, முழுத் தொகுதி, உண்மைத்தன்மைச் சான்றிதழுடன்' என்று இருந்தது. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் எஸ் குறி தெளிவாகத் தெரிந்தது. கடன் அட்டைக்குப் பதிலாகச் செயலி வழியாக நேரடியாகப் பணம் அனுப்பினால் 40 டாலர் குறைத்துக்கொள்வதாக அவர் எழுதியபோது, அதற்கும் இசைந்தேன்.

எஸ் குறி வெள்ளிக்குச் சான்றாகாது என்பதை நான் அறிந்திருக்கவில்லை. அதே சான் ஃபிரான்சிஸ்கோ நாணயச்சாலை, வெள்ளி புரூஃப் நாணயங்களுடன் சாதாரண உலோகத்தில் புரூஃப் நாணயங்களையும் ஒவ்வோர் ஆண்டும் அச்சிட்டது. 2012 முதல், புரூஃப் அல்லாத சாதாரணத் தர நாணயங்களையும் எஸ் குறியுடன் உருளைகளிலும் பைகளிலும் சேகரிப்பவர்களுக்கு விற்றது. செம்பு நடுவில் இருக்க, இருபுறமும் செம்பும் நிக்கலும் கலந்த தகடு ஒட்டிய அந்த நாணயங்களை மலிவாக வாங்கி வெள்ளி முலாம் பூசிவிட்டால், எழுத்து உண்மையாகவே இருக்கும், உலோகம் மட்டும் பொய்யாகிவிடும். போலி நாணயங்களில் 'நகல்' என்று ஆங்கிலத்தில் பொறிக்க வேண்டும் என்று 1973ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. இவையோ அரசு அச்சிட்ட உண்மையான நாணயங்கள் என்பதால் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தும் பயனில்லை.

பெட்டி வந்தபோது நாணயங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி வட்டப் பிளாஸ்டிக் உறையில், கறுப்பு வளையத்துக்குள் பதிந்திருந்தன. வளையம் விளிம்பை முழுவதும் மறைத்தது. பரிசளிக்கும் நாள் வரை பிரிக்க வேண்டாம் என்று அலமாரியில் வைத்துவிட்டேன். ஏழு வாரங்கள் கழித்து மகள் கையில் கொடுத்தேன். அவள் மகிழ்ச்சியோடு சான்றிதழைப் படித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தி, "அப்பா, எல்லாமே 90 சதவீத வெள்ளின்னு போட்டிருக்கு. 2019லேர்ந்து வந்தது 99.9 இல்லையா?" என்று கேட்டாள். அவள் சொன்னதுதான் சரி. 2010 முதல் 2018 வரையிலான 45 வெள்ளி நாணயங்கள் 90 சதவீத வெள்ளியால் ஆனவை. 2019 முதல் வந்த 11 நாணயங்கள் 99.9 சதவீதம். வரிசையை அறிந்த எவரும் அந்தச் சான்றிதழை எழுதியிருக்க முடியாது.

அன்று இரவே நகை எடைபோடும் சிறு தராசை எடுத்து வைத்தோம். 90 சதவீத வெள்ளி நாணயத்தின் எடை 6.25 கிராம் இருக்க வேண்டும், 99.9 சதவீத நாணயம் ஏறத்தாழ 6.34 கிராம். சாதாரணக் கால் டாலர் 5.67 கிராம்தான். ஹாட் ஸ்பிரிங்ஸ் 5.69 காட்டியது. எல்லோஸ்டோன், யோசமிட்டி, கிராண்ட் கேன்யன் என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனோம்; ஒன்றுகூட 5.8 கிராமைத் தொடவில்லை. மொத்தமாக 351 கிராம் இருக்க வேண்டியவை 319 கிராம் இருந்தன. வளையத்திலிருந்து விடுவித்து விளக்கொளியில் பார்த்தபோது, முலாம் மெலிந்த இடங்களில் விளிம்பின் வரிகளுக்கிடையே செம்பின் நிறம் தெரிந்தது. உண்மையான புரூஃப் நாணயத்தில் பின்னணி கண்ணாடிபோல் இருண்டு மின்ன, உருவம் மட்டும் பனி படர்ந்ததுபோல் வெண்மையாக நிற்கும். இவற்றில் உருவமும் பின்னணியும் ஒரே பளபளப்பாக இருந்தன. அதை நல்ல தரம் என்று நான் முதலில் எண்ணியிருந்தேன். மகள் அழவில்லை, நாணயங்களை ஒவ்வொன்றாக உறையில் திரும்ப வைத்தாள். அதைப் பார்ப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

விற்பனையாளருக்கு எடைப் படங்களுடன் எழுதினேன். வந்த மறுமொழியில் மூன்று காரணங்கள் இருந்தன. தலைப்பில் உள்ள 'வெள்ளி' என்ற சொல் நிறத்தைக் குறிக்கிறதாம். திருப்பி அனுப்பும் 30 நாள் கெடு முடிந்துவிட்டதாம். உறையைத் திறந்துவிட்டதால் பொருள் பழையதாகிவிட்டதாம். உறையைத் திறக்காமல் எடை பார்க்க முடியாது, திறந்தால் திருப்பித் தர முடியாது என்னும் இந்த ஏற்பாடு தற்செயலானது என்று நான் நம்பவில்லை. சான்றிதழில் 90 சதவீதம் என்று எழுதியிருப்பதைச் சுட்டி மீண்டும் எழுதினேன், பதில் இல்லை. கடன் அட்டையில் வாங்கியிருந்தால், சொன்ன பொருள் வரவில்லை என்று அட்டை நிறுவனத்திடம் முறையிட்டிருக்கலாம். அந்த 40 டாலர் தள்ளுபடிக்காக அந்த வழியை நானே அடைத்துக்கொண்டேன். மத்திய வர்த்தக ஆணையத்தில் புகார் பதிந்திருக்கிறேன். அவர்கள் தனிப்பட்ட வழக்குகளைத் தீர்த்து வைப்பதில்லை என்றாலும், ஒரே ஆள்மீது புகார்கள் சேர்ந்தால் அவை விசாரணைக்கு உதவும்.

இப்படிப்பட்ட பெட்டி ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருந்தால், கெடு முடிவதற்குள் இன்றே பாருங்கள். திறப்பதைக் காணொளியாக எடுத்துக்கொண்டு, 0.01 கிராம் வரை காட்டும் தராசில் நாணயத்தை மட்டும் வையுங்கள். காந்தம் உதவாது, வெள்ளியும் ஒட்டாது, இந்தச் செம்பு நிக்கல் நாணயமும் ஒட்டாது. விட்டமும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் அளவுகோலும் பயன்படாது. மேசைமீது சுண்டிப் பார்த்தால் வெள்ளி நீண்டு ஒலிக்கும், ஆனால் அப்படிச் செய்தால் புரூஃப் நாணயத்தின் முகம் கெட்டுவிடும். புதிதாக வாங்குபவர்கள், நாணயச்சாலையே அந்தந்த ஆண்டின் ஐந்து நாணயங்களையும் ஒரே தெளிந்த பிளாஸ்டிக் பலகைக்குள் பதித்து விற்ற மூல உறைகளைத் தேடுங்கள். 56 நாணயங்களும் ஒரே மரப்பெட்டியில் வந்தால், யாரோ பிரித்து அடுக்கியவை என்று அறிந்துகொள்ளுங்கள்.

நாங்கள் இப்போது அருகிலுள்ள நாணயக் கடையில் ஆண்டுத் தொகுதிகளாக வாங்குகிறோம். உறையைத் திறக்காமலேயே உலோகத்தைச் சோதிக்கும் கருவி அங்கே இருக்கிறது; கடைக்காரர் எங்கள் முன்னாலேயே வைத்துக் காட்டுகிறார். 2010, 2014, 2017 ஆகிய மூன்று ஆண்டுகள் சேர்ந்திருக்கின்றன. 2014ஐ முதலில் கேட்டு வாங்கியவள் மகள்தான்.