மலிவு நேரக் கரன்டும் என் ஹீட் பம்பும்: இரண்டு குளிர்காலம் ஓட்டிய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மெஷின் மேல் எனக்குப் பெரிய குறை இல்லை. குறை எல்லாம் கூடவே வந்த ஆப் மேலும், மாட்டிவிட்டுப் போனவர் வைத்த செட்டிங் மேலும்தான். இந்த இரண்டையும் நம்பி முதல் குளிர்காலம் முழுக்க மலிவு நேரத்தில் கரன்டை வாங்கி வாங்கித் தண்டமாக எரித்தேன்.

என்னிடம் இருப்பது 8 கிலோவாட் வெப்பம் தரும் பம்ப். வெளியே நிற்கும் பெட்டி காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சி வீட்டுக்குள் ஓடும் தண்ணீருக்குக் கொடுக்கும் வகை, அந்த வெப்பத்தைச் சுமக்க உள்ளே ஓடுவது புரொப்பேன் வாயு. கீழ்த்தளத்தில் தரைக்கு அடியில் குழாய், மாடியில் ரேடியேட்டர், குளிக்க 200 லிட்டர் தொட்டி. ஃப்ரிட்ஜைத் திருப்பிப் போட்ட மாதிரி என்று நினைத்துக்கொண்டால் போதும். 1 யூனிட் கரன்ட் கொடுத்தால் 3 அல்லது 4 யூனிட் வெப்பம் தரும், அந்த விகிதத்தைத்தான் சிஓபி என்கிறார்கள். இந்த சிஓபி நிலையான எண் கிடையாது என்பதை வாங்கும்போது யாரும் அழுத்திச் சொல்வதில்லை. தண்ணீரை எவ்வளவு சூடாக்கச் சொல்கிறோமோ அந்த அளவுக்கு அது இறங்கும், டிகிரிக்கு இரண்டிலிருந்து இரண்டரை சதவீதம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். வெளியே குளிர் கூடினாலும் அதே கதைதான்.

கட்டணத் திட்டம் நேரத்துக்கு நேரம் மாறுவது. அதிகாலை 3 முதல் 6 வரையும் நண்பகல் 12 முதல் 3 வரையும் மலிவு, மாலை 5 முதல் 8 வரை பீக், மற்ற நேரம் சாதாரணம். சாதாரண விலை 10 என்றால் மலிவு நேரத்தில் 6, பீக்கில் 15. கேட்டதும் எல்லோருக்கும் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது: மலிவு நேரத்தில் போட்டுத் தள்ளு, மற்ற நேரம் அணைத்து வை.

அப்படித்தான் செய்தேன். இரவு 10 மணிக்கு வீட்டின் இலக்கை 17 டிகிரிக்கு இறக்கி, 3 மணிக்கு 21 என்று ஆப்பில் போட்டு வைத்தேன். மனதுக்குள் பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு. ஒரு நாள் அதிகாலை மூன்றே கால் இருக்கும், தண்ணீர் குடிக்க எழுந்தவன் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மீட்டரில் சிவப்பு விளக்கு படபடவென்று அடிப்பதைப் பார்த்தேன். செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால் 8.6 கிலோவாட். பம்ப் என்னதான் மூச்சு முட்ட ஓடினாலும் அது இழுக்கும் கரன்ட் 3 கிலோவாட்டைத் தாண்டாது. மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று மெஷினின் மெனுவில் தோண்டிப் பார்த்ததில், உள்ளே உதவிக்கென்று வைத்திருக்கும் 6 கிலோவாட் ஹீட்டர் ராடு ஓடிக்கொண்டிருந்தது. 17க்கும் 21க்கும் நடுவில் இருந்த நாலு டிகிரி பள்ளத்தைப் பார்த்ததும் மெஷின் தன்னால் தனியாக முடியாது என்று ராடைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறது. வெளியே அப்போது 1 டிகிரி, ராடுக்கு வேலையே இல்லாத குளிர். இது எத்தனை நாளாக நடக்கிறதோ தெரியாது. அன்றைக்கு அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை, காகிதத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கணக்கை அப்படியே போடுகிறேன், இந்த விஷயத்தில் வேறு எதுவும் எனக்கு இவ்வளவு புரிய வைக்கவில்லை. தரைக்குழாய்க்கு 35 டிகிரி தண்ணீர் விட்டால் சிஓபி 4 என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நேரத்தில் ஒரு யூனிட் வெப்பத்தின் விலை பத்தை நாலால் வகுத்தால் இரண்டரை. மலிவு நேரத்தில் அவசரப்பட்டு 50 டிகிரிக்கு ஏற்றினால் சிஓபி 2.7க்கு வந்துவிடும், ஆறை 2.7ஆல் வகுத்தால் 2.2. அதாவது கரன்டில் 40 சதவீதம் தள்ளுபடி வாங்கி, கையில் நிற்பது 12 சதவீதத்துக்கும் குறைவு. அதே மலிவு நேரத்தில் 40 டிகிரியோடு நிறுத்தினால் சிஓபி மூன்றரை, விலை 1.7தான். இப்போது ராடுக்கு வருவோம். ராடு 1 யூனிட் கரன்டுக்கு 1 யூனிட் வெப்பம் மட்டுமே தரும், ஆக மலிவு நேரத்திலும் அதன் விலை 6. பீக் நேரத்தில், எல்லோரும் பயப்படும் அந்த மாலை நேரத்தில், பம்பை 35 டிகிரியில் நிதானமாக விட்டால் பதினைந்தை நாலால் வகுக்க 3.75. தூங்காமல் அலாரம் வைத்து மலிவு நேரத்தில் ராடை எரிப்பதைவிட, மாலை 6 மணிக்குக் கவலையே படாமல் பம்பை ஓட விட்டிருந்தால் செலவு குறைவாக இருந்திருக்கும்! முதலுக்கே மோசம் என்பது இதுதான்.

அதனால் இரண்டாம் குளிர்காலத்தில் முதலில் செய்த வேலை ராடைக் கட்டிப்போட்டது. வெளியே மைனஸ் 7க்குக் கீழே போனால் ஒழிய வராதே என்று மெனுவில் ஒரு இடம் இருக்கிறது, என் மெஷினில் மாட்டுபவருக்கான மெனுவுக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். ராடை முழுக்க அணைத்துவிடாதீர்கள், ஏன் என்று தொட்டி பற்றிப் பேசும்போது சொல்கிறேன். அப்புறம் அந்தப் பெட்டியின் மெயின் சுவிட்சைப் பீக் நேரத்தில் அணைத்து வைப்பவர்களும் உண்டு, அதைச் செய்யவே செய்யாதீர்கள். பெட்டி வரைக்கும் தண்ணீர்க் குழாய் போகும் மாடலாக இருந்தால், உறைபனி நாளில் கரன்ட் இல்லாத பெட்டிக்குள் தண்ணீர் உறைந்து விரிசல் விட்டுவிடும்.

அடுத்தது வெப்ப வளைவு. வெளியே எவ்வளவு குளிர் என்பதைப் பொறுத்து தண்ணீரின் சூட்டை மெஷினே தீர்மானிக்கும் கோடு அது. மாட்டியவர் வைத்துவிட்டுப் போனது, வெளியே 0 இருந்தால் 50 டிகிரி தண்ணீர் என்று. வீடு குளிருகிறது என்று யாரும் அவருக்கு போன் செய்யக் கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை. கரன்ட் பில் அவருக்கு வருவதில்லையே. நான் வாரத்துக்கு 2 டிகிரியாக இறக்கிக்கொண்டே வந்தேன். 38இல் மாடி அறை ஒன்று ஜில்லென்று ஆனதும் நிறுத்தி, ஒரு டிகிரி ஏற்றி விட்டுவிட்டேன். கூடவே ரேடியேட்டர் வால்வுகளை எல்லாம் முழுக்கத் திறந்து வைத்தேன். பாதி வால்வு மூடியிருந்தால் தண்ணீர் சுற்ற இடமில்லாமல் கம்ப்ரஸர் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நின்று நின்று கிளம்பும், அதற்கும் கரன்ட் போகும், மெஷினுக்கும் ஆகாது.

இவ்வளவையும் முடித்த பிறகுதான் கடிகாரம் பக்கமே போனேன். இப்போது ஓடும் விதம் இது: மலிவு நேரம் இரண்டிலும் இலக்கு 21, வளைவு 3 டிகிரி மேலே. பீக் நேரத்தில் இலக்கு 19. மற்ற நேரமெல்லாம் 20, இரவும் சேர்த்து. மாலை 5 மணிக்குப் பெட்டி தானாக அடங்கிவிடும், 8 மணி வரைக்கும் அநேகமாக எழாது. வீட்டில் அந்த மூன்று மணி நேரத்தில் 1 டிகிரி இறங்கும், காற்று அடிக்கும் நாளில் ஒன்றரை. தரைக்கு அடியில் இருக்கும் கான்கிரீட்தான் இதற்குக் காரணம். 60 சதுர மீட்டர், 5 சென்டிமீட்டர் கனம் என்றால் 7 டன் எடை, அதை ஒரு டிகிரி ஏற்ற 1.7 யூனிட் அளவுக்கு வெப்பம் பிடிக்கும், மாலையில் மெதுவாக அதைத் திருப்பித் தரும். மரச்சட்டமும் மெல்லிய பலகையுமாகக் கட்டிய லேசான வீட்டில் இந்த வித்தை இவ்வளவு தூரம் பலிக்காது, அணைத்த அரை மணியிலேயே சால்வை தேட வேண்டியிருக்கும்.

இரண்டு மலிவு நேரத்தில் எனக்குப் பிடித்தது நண்பகல்தான். அதிகாலை 4 மணிக்கு வெளியே மைனஸ் 2, நண்பகலில் 5 டிகிரி என்றால் அந்த 7 டிகிரியிலேயே சிஓபி ஏறக்குறைய 15 சதவீதம் கூடிவிடுகிறது. விலை ஒன்றுதான், ஆனால் அதே காசுக்குக் கிடைக்கும் வெப்பம் அதிகம். அதனால் தொட்டித் தண்ணீரை இரவிலிருந்து நண்பகலுக்கு மாற்றிவிட்டேன். 200 லிட்டரை 10 டிகிரியிலிருந்து 50க்கு ஏற்ற 9.3 யூனிட் வெப்பம் வேண்டும், பம்ப் அதை மூணேகால், மூன்றரை யூனிட் கரன்டில் முடிக்கிறது, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். அந்த நேரம் முழுக்க வீட்டுக்குச் சூடு போகாது, ஒரு சமயத்தில் ஒரு வேலைதான் செய்யும். மூன்று மணி நேர மலிவில் ஒன்று இப்படிப் போகிறது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியில் ஒரு விஷயம் மட்டும் சிக்கனத்துக்கு வெளியே. வாரம் ஒரு முறை 60 டிகிரிக்கு ஏற்றும் செட்டிங் உண்டு, லீஜனெல்லா என்ற கிருமி வளராமல் இருக்க. பம்பால் அந்தச் சூட்டை எட்ட முடியாவிட்டால் கடைசிச் சில டிகிரியை ராடு ஏற்றிவிடும். ராடு இருந்துவிட்டுப் போகட்டும் என்றது இதற்காகத்தான். காசு மிச்சம் என்று இதை அணைக்காதீர்கள், நேரத்தை மட்டும் மாற்றுங்கள். என் மெஷின் பெட்டியிலிருந்து வந்தபோது அது வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு வைக்கப்பட்டிருந்தது. பீக்கின் நட்டநடுவில்.

இனி ஆப். “ஸ்மார்ட்” என்று ஒரு பொத்தான் உண்டு, கட்டண அட்டவணையைக் கொடுத்தால் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் என்று சொல்கிறார்கள். ஒரு மாதம் விட்டுப் பார்த்தேன். மலிவு நேரம் தொடங்கிய நொடியில் தண்ணீரை 55க்கு ஏற்றுகிறது. மாதக் கடைசியில் பச்சை எழுத்தில் இவ்வளவு சேமித்தீர்கள் என்று வாழ்த்தும் சொல்கிறது. எப்படிக் கணக்குப் போடுகிறது என்று பார்த்தால், நான் எரித்த அதே யூனிட்டைச் சாதாரண விலையில் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பெருக்கி, வித்தியாசத்தைச் சேமிப்பு என்கிறது. அதாவது எவ்வளவு எரிக்கிறேனோ அவ்வளவு சேமிக்கிறேன்! ஆப் காட்டும் சிஓபியையும் நம்ப வேண்டாம், என்னுடையது சுற்றோட்ட மோட்டாரையும் சும்மா நிற்கும்போது போகும் கரன்டையும் சேர்ப்பதே இல்லை. பம்புக்கு மட்டும் தனியாக ஒரு சப் மீட்டர் மாட்டியதுதான் இந்த இரண்டு வருடத்தில் நான் செய்த உருப்படியான செலவு.

சத்தம் பற்றிக் கேட்பார்கள். பகலில் தெரியாது. அதிகாலை 3 மணிக்குப் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே கிளம்பினால் தெரியும். அமைதி மோடில் போட்டால் கம்ப்ரஸர் வேகம் குறைகிறது, மெதுவாக ஓடும்போது சிஓபியும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆக இதில் இழப்பு ஒன்றும் இல்லை, கடும் குளிர் நாள் தவிர.

முதல் வருடம் ஒரு காலையில் அம்மா ஜன்னலிலிருந்து கத்தினார், “டேய், வெளியில பெட்டி புகையுதுடா, ஓடி வா!” ஓடிப் போய்ப் பார்த்தால் புகை இல்லை, நீராவி. காயிலில் படிந்த உறைபனியை உருக்க மெஷின் கொஞ்ச நேரம் தலைகீழாக ஓடும், வீட்டுக்குள் அனுப்பிய வெப்பத்தையே கொஞ்சம் திருப்பி எடுத்துக்கொள்ளும். 2, 3 டிகிரியில் ஈரமும் மூடுபனியுமாக இருக்கும் நாளில்தான் இது அடிக்கடி நடக்கும், வறண்ட மைனஸ் 5 நாளில் இவ்வளவு தொல்லை இல்லை. அப்படி ஒரு மூடுபனி நாளில் மலிவு நேரம் முடியும்போது வீடு 21ஐத் தொடாமல் 20.4இல் நிற்கும். நிற்கட்டும் என்று விட்டுவிடுங்கள், துரத்தாதீர்கள்.

யாருக்குச் சொல்வேன்? மலிவுக்கும் சாதாரணத்துக்கும் வித்தியாசம் 15 சதவீதம்தான் என்றால் இந்த மாதிரித் திட்டத்துக்காக மெனக்கெட வேண்டாம், வளைவை இறக்கி ஒரே சீராக ஓட விடுவதே லாபம். வித்தியாசம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், வீட்டுக்குக் கொஞ்சம் கனமும் உண்டு என்றால் தாராளமாகப் போகலாம். எனக்கு இரண்டாம் குளிர்காலத்தில் யூனிட் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது, பில் அதைவிடக் கூடுதலாக. அந்த வருடம் குளிர் கொஞ்சம் இளகியதும் ஒரு காரணம், முழுப் பெருமையையும் நான் எடுத்துக்கொள்ள முடியாது. மெஷினுக்கு ஐந்துக்கு நாலரை, கட்டணத் திட்டத்துக்கு நாலு, ஆப்புக்கு ஒன்றரை.

அந்த ஒன்றரையில் அரையைக் குறைக்கலாமா என்று யோசித்த ஒரு சம்பவமும் உண்டு. கரன்ட் போய் வந்ததும் மெஷினின் கடிகாரம் நள்ளிரவு 12இலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கிவிடுகிறது, ஆப்போ சரியான நேரத்தைக் காட்டிக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. போன டிசம்பரில் பிற்பகல் 2 மணிக்கு அரை மணி நேரம் கரன்ட் போனது. ஒன்பது நாள் கழித்து, மாலை ஐந்தரை மணிக்கு, அதாவது மெஷினின் கணக்கில் அதிகாலை 3 மணிக்கு, பெட்டி உற்சாகமாக ஓடும் சத்தம் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது.