உப்புத் தண்ணீர் ஊரில் குட்டிச் சிக்லிட்கள்

ராமேஸ்வரத்துக்கு அருகே உச்சிப்புளிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. இங்கே வண்ணமீன் வளர்க்க நினைப்பவர், மீனின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் அது எந்தத் தண்ணீருக்குப் பிறந்தது என்று கேட்டுவிட வேண்டும். என்னிடம் இருப்பது மூன்றடி நீளத் தொட்டி; அகலமும் உயரமும் ஒன்றேகால் அடி. கணக்குக்கு 130 லிட்டர், மணல் போட்ட பிறகு அதைவிடக் குறைவு. சில ஆண்டுகளாகச் சிறிய சிக்லிட் (ஜிலேபி மீனின் குடும்பம்) வகைகளை மாற்றி மாற்றி வளர்த்துப் பார்த்ததில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பதை எழுதுகிறேன்.

மதுரைக் கடைகளில் முதலில் கண்ணைப் பறிப்பது ராம். தென் அமெரிக்காவின் ஓரினோகோ ஆற்றுப் படுகையின் மீன். 28, 30 டிகிரி வெப்பம் அதற்குச் சுகம் என்பதால் நம் வெயிலைப் பற்றிக் கவலை இல்லை. தண்ணீர்தான் சிக்கல், பிறந்த இடத்தில் அது மென்மையானது, சற்றே அமிலத்தன்மை கொண்டது. என் தொட்டியில் ராம் ஜோடி முட்டையிட்டது, காவல் காத்தது. ஒவ்வொரு முறையும் முட்டைகள் வெளுத்துப் பூஞ்சை பிடித்தன. ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் சரியாகும். குடிக்கவே குடம் குடமாக விலைக்கு வாங்கும் ஊரில் மீனுக்கு அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அபிஸ்டோகிராமா என்ற இன்னொரு தென் அமெரிக்கக் குட்டிச் சிக்லிட் வகைகளுக்கும் இதே கதைதான். நைஜீரியாவைச் சேர்ந்த கிரிபென்சிஸ் இவற்றைவிடத் தாக்குப்பிடிக்கும்; ஆனால் குஞ்சு பொரித்துவிட்டால் தொட்டியில் வேறு எதையும் நிம்மதியாக இருக்கவிடாது.

நிலைத்தது மல்டி. முழுப்பெயர் நியோலாம்ப்ரோலோகஸ் மல்டிஃபேசியேட்டஸ். ஆப்பிரிக்காவின் டாங்கன்யீகா ஏரியில், நத்தைகள் விட்டுப்போன ஓடுகளுக்குள் குடியிருப்பது. வளர்ந்த ஆணே இரண்டு அங்குலத்தை எட்டாது. பக்கத்து வீட்டு மீனவப் பெரியவர் தொட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது குழம்புக்குத் தேறாதே" என்றார். அந்த ஏரித் தண்ணீர் கடினமானது, பி.எச். (அமில, கார அளவு) 9-ஐ ஒட்டியிருக்கும். நம் கிணறு அதற்குக் கிட்டத்தட்ட உறவு.

கிட்டத்தட்டத்தான். டி.டி.எஸ். மீட்டர் எவ்வளவு உப்பு என்று காட்டும், என்ன உப்பு என்று காட்டாது. கடலோரக் கிணற்றில் ஏறும் உப்பில் பெரும்பங்கு சமையல் உப்புதான். டாங்கன்யீகாவில் இருப்பது மக்னீசியமும் கார்பனேட்டும். அதனால் நான் கிணற்றுத் தண்ணீரை மட்டும் ஊற்றுவதில்லை. காவிரிக் கூட்டுக் குடிநீரைத் தனித் தொட்டியில் பிடித்து, குளோரின் போக ஒரு நாள் காற்றோட்டத்தில் வைத்து, பாதிக்குப் பாதி கலக்கிறேன். ஃபில்டருக்குள் ஒரு கைப்பிடி உடைத்த கிளிஞ்சல். சித்திரை, வைகாசியில் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டும்போது மேலே சிறு மின்விசிறி ஓடும். தண்ணீர் குளிரும், கூடவே ஆவியாகியும் குறையும். உப்பு மட்டும் அப்படியே தங்கிவிடும் என்பதால், குறைந்த அளவை ஈடுகட்டக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றவே கூடாது. காவிரித் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர்தான்.

ஓடு வாங்க நமக்கு அலைச்சல் இல்லை. ராமேஸ்வரத்துச் சங்குக் கடைகளில் சின்ன ஓடுகள் குவித்துக் கிடக்கின்றன. வார்னிஷ் பூசாததாக, வாய் ஒரு அங்குலம் அளவுள்ளதாகப் பொறுக்க வேண்டும். கொதிக்க வைத்து, வெயிலில் காயவிட்டு, முகர்ந்து பார்க்க வேண்டும். உள் சுருளில் சதை ஒட்டியிருந்தால் நாற்றமே சொல்லிவிடும். கடற்கரையில் பொறுக்குகிறவர்கள் உள்ளே நண்டு குடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். பவளத் துண்டு மட்டும் வேண்டாம். தண்ணீரின் கடினத்தைக் காக்கப் பவளம் போடச் சொல்லும் பழைய யோசனை இங்கே செல்லாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது அது. சில சங்கு வகைகளும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன, கடைக்காரரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்று அங்குலம் மெல்லிய மணல் பரப்பி, மீனைவிட மூன்று மடங்கு ஓடுகள் போட்டேன். நான் அடுக்கிய அழகு ஒரே இரவில் போனது. பெண் மீன் ஓட்டின் அடியிலிருந்து ஒரு வாய் மணலை அள்ளும், இரண்டு அங்குலம் தள்ளிப்போய்த் துப்பும், திரும்பி வரும். ஓடு மெல்லச் சரிந்து, வாய் மட்டும் மணல்மட்டத்தில் தெரியும்வரை இந்த வேலை நிற்காது. கண்ணாடி துடைக்கக் கையை விட்டால் ஓடிவந்து விரல் ரோமத்தைக் கடித்து இழுக்கும். குஞ்சுகளை அவை விரட்டுவதில்லை. மூத்ததும் இளையதும் ஒரே குடியிருப்பில் வளர்கின்றன.

குஞ்சுக்குத் தீனி ஆர்டீமியா, முட்டையாக வாங்கிப் பொரிக்கும் உப்புநீர்க் குட்டி இறால். பொரிக்க உப்புக் கரைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. கடலிலிருந்து ஒரு கேன் மொண்டு வந்து துணியில் வடிகட்டினால் போதும், ஒரு நாளில் பொரிந்துவிடும்.

துணை மீன்களில் நான் கண்டிப்பானவன். அடித்தளம் முழுவதும் மல்டிக்குச் சொந்தம். கோரிடோராஸ், பிளீகோ, லோச் போன்ற அடிமட்ட மீன்கள் எதுவும் கூடாது. மேல்மட்டத்தில் கப்பியும் மாலியும் நீந்துகின்றன. இரண்டுமே கடினத் தண்ணீரை விரும்புகிறவை. கப்பிக் குட்டிகள் கீழே இறங்கினால் மல்டிக்கு விருந்து, எனக்கும் கூட்டம் பெருகும் தொல்லை இல்லை. நியான் டெட்ரா, ராமைப் போலவே, இந்தத் தண்ணீருக்கு ஆகாது. 'ஆப்பிரிக்கன் மிக்ஸ்' என்று மலிவாகத் தரும் மஞ்சள், நீலக் குஞ்சுகள் மலாவி ஏரி வகைகள். வளர்ந்தால் மூன்றடித் தொட்டியைப் போர்க்களமாக்கிவிடும். ஜீப்ரா சிக்லிட்டும் அப்படித்தான்.

மல்டி கிடைக்காதவர்களுக்கு என் பரிந்துரை ஆரஞ்சு குரோமைட். இந்தியாவில் இயற்கையாக வாழும் சிக்லிட்கள் மூன்றே மூன்று. அதில் சிறியது இது. உப்பங்கழியிலும் நன்னீரிலும் வாழ்வதால் நம் கிணற்றுத் தண்ணீரை முகம் சுளிக்காமல் ஏற்கும். கடைத் தொட்டியில் வெளிறிக் கிடப்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டில் விட்ட சில வாரங்களில் மஞ்சள் பழுத்து, உடலின் நடுவில் கரும்பொட்டு தெளிந்தது. குஞ்சுகள் பெற்றோரின் உடலை உரசி உரசி அதன் சளிப்படலத்தை மேயும். உப்புப் போக அலசி ஊறவைத்த சென்னாக்குன்னியை ஆவலாகத் தின்னும். மாலியோடு ஒத்துப்போகும், மல்டியோடு சேர்த்து விடாதீர்கள், தொட்டியின் அடித்தளத்துக்கு இருவரும் பட்டா கேட்பார்கள்.

கருவிகளில் பேட்டரி ஏர் பம்ப் அவசியம், புயல் நாட்களில் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஹீட்டர் வாங்காதீர்கள். இரும்புத் தாங்கியும் வேண்டாம். உப்புக் காற்றில் என்னுடையது அரித்துப்போய், இப்போது தொட்டி கடப்பைக் கல் மேடையில் இருக்கிறது.