கைக்கணினியில் தமிழ்த் தட்டச்சு: இரண்டு வருட அனுபவம்

கேம் ஆடத்தான் வாங்கினேன். 7 அங்குலத் திரை, இரு பக்கமும் ஜாய்ஸ்டிக், உள்ளே முழு விண்டோஸ் 11. ஆனால் தினமும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் போய்வருகிற எனக்கு, இதில் ஆடியதைவிட எழுதியதுதான் அதிகம். அதனால் எழுதுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

திரையில் வரும் கீபோர்டு அவசரத்துக்குத்தான். அது வந்தாலே பாதித் திரை போய்விடும். இரு கையாலும் பிடித்திருக்கும்போது கட்டைவிரல் ஓரத்து எழுத்துகளைத்தான் தொடும்; நடுவில் இருப்பவை எட்டாது. ஒரு கையை எடுத்தால் மொத்த எடையும் மறு மணிக்கட்டில் இறங்கும். சித்திரை, வைகாசியில் கடலோரக் கசகசப்பு வேறு. ஒரு துளி வியர்வை விழுந்தால் திரை அதையும் விரல் என்றே எடுத்துக்கொள்ளும். ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் ஒரே பாஸ்வேர்டை மூன்று முறை அடித்த நாளும் உண்டு. ஜாய்ஸ்டிக்கால் ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி அடிப்பது வைஃபை பாஸ்வேர்டுக்குப் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

தம்பியிடம் இருக்கும் ஸ்டீம் டெக் என்ற கேம் கைக்கணினியில் இந்தத் தொல்லை குறைவு. ஸ்டீம் பொத்தானோடு எக்ஸை அழுத்தினால் கீபோர்டு வரும். இரண்டு டிராக்பேடிலும் கட்டைவிரல்களை வைத்து, பிடியை விடாமலே அடிக்கலாம். திரையைத் தொடவே வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அது நல்ல ஏற்பாடு.

நான் எழுதுவது தமிழில். வருடக்கணக்காகத் தமிழ்99 என்ற கீபோர்டு அமைப்பில். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 'கப்பல்' என்று அடிக்க க, ப, ப, ல, புள்ளி என ஐந்தே தட்டு. நடுவில் வரும் புள்ளி தானாகவே விழும். 'கடலூர்' ஆறு தட்டு, ஆங்கில எழுத்தில் அடித்தால் எட்டு. சரி, இரண்டு கட்டைவிரலுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு ஏது என்று நினைத்து, உள்ளங்கை அளவு புளூடூத் கீபோர்டு ஒன்று வாங்கினேன்.

அங்கேதான் ஏமாந்தேன். தமிழ்99-இல் ந, ய, ச, ஞ, ழ ஆகியவை ஆங்கில எழுத்துகளின் மேல் இல்லை. அரைப்புள்ளி, மேற்கோள், அடைப்புக்குறி, சாய்கோடு விசைகளில் இருக்கின்றன. அந்தக் குட்டி கீபோர்டில் இவை தனி விசைகளாகவே கிடையாது, எஃப்என் (Fn) விசையைச் சேர்த்து அழுத்தினால்தான் வரும். 'நான்' என்று தொடங்கவே இரண்டு விசை. 'தமிழ்' என்று எழுதினால் ஒவ்வொரு முறையும் ழ-வில் கை நின்றுபோகும். ஒரு மாதம் பழகிப் பார்த்துவிட்டு, அப்புறம் அலமாரியில் வைத்துவிட்டேன்.

இப்போது வைத்திருப்பது மடக்கு கீபோர்டு. பையை மடியில் படுக்கவைத்து அதன்மேல் விரிப்பேன். கருவி பையின் மேட்டில் சாய்ந்து நிற்கும். வாங்குமுன் கடையில் நான் பார்த்தது ஒன்றுதான்: பி (P) விசைக்கு வலப்புறம் இரண்டு அடைப்புக்குறி, எல்லுக்கு வலப்புறம் அரைப்புள்ளியும் மேற்கோளும், கீழ்வரிசைக் கடைசியில் சாய்கோடு. ஐந்தும் தனித்தனி விசையாக, மற்றவற்றின் அளவிலேயே இருந்தன.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரையேறிய இரவில் கரண்ட் இல்லை. இந்தக் கீபோர்டில் விளக்கும் கிடையாது. எஃப், ஜே விசைகளின் மேல் சின்ன மேடு இருக்கும் அல்லவா, தமிழ்99-இல் அவை புள்ளியும் ப-வும். இரண்டு ஆள்காட்டி விரலையும் அவற்றின்மேல் ஊன்றிக்கொண்டு, திரையைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்து, சார்ஜ் தீரும்வரை எழுதினேன்.