அம்மாவின் முழங்காலும் மார்த்தாண்டத்து இயன்முறை நிலையமும்

என் அம்மாவுக்கு 66 வயது. 31 ஆண்டுகள் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், தரையில் குந்தியிருந்து கொட்டை உடைத்தவர். வலது முழங்காலில் வலி தொடங்கியதும் “நடக்காதே, படுத்திரு” என்று ஆளாளுக்குச் சொன்னோம். நான்கு மாதம் கட்டிலில் கிடந்தார். தொடை மெலிந்தது, வலியும் கூடியது. அதன் பிறகுதான் அருமனையிலிருந்து பஸ் பிடித்து மார்த்தாண்டத்தில் உள்ள இந்த இயன்முறை சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துவந்தேன். இது ஒன்பதாவது வாரம்.

முதல் நாள் மின்கருவி எதையும் ஒட்டவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பட்டையைச் சுருட்டி, முழங்காலுக்கு அடியில் வைத்து, முள் 40-இல் நிற்கும்வரை காற்றடித்தார் சிகிச்சை தரும் பெண். “அம்மா, முழங்காலால் இதைக் கீழே அமுக்குங்கள், ஐந்து எண்ணியதும் விடுங்கள்.” முள் 60-ஐத் தொட வேண்டும். 46 வரைதான் ஏறியது, அதுவும் நடுக்கத்தோடு. போன வாரம் 60-இல் அசையாமல் நின்றபோது, “பாருங்கள் மக்களே!” என்று அம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஓய்வு கொடுத்தும் வலி ஏன் கூடியது என்று கேட்டேன். வரிசையில் ஆட்கள் காத்திருந்தும் பொறுமையாக விளக்கினார். தசை மெலிந்தால் முழங்காலுக்குத் தாங்கல் குறையும். மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கோ ரத்தக் குழாயே கிடையாது. அதன் செல்களுக்கு வேண்டியது மூட்டுத் திரவத்திலிருந்துதான் ஊறி வர வேண்டும். பாரம் விழும்போது நீர் வெளியேறும், விலகும்போது உள்ளே வரும். விடாமல் அமுக்கியே வைத்தால் அந்தச் செல்கள் தம்மைச் சுற்றியுள்ள திசுப்பொருளை உருவாக்குவதைக் குறைத்துக்கொள்ளும். விட்டுவிட்டு அமுக்கினால் கூட்டும். பாரமே இல்லாமல் போனாலும் குருத்தெலும்பு மெலியும்.

நான் பள்ளியில் உயிரியல் நடத்துபவள். குருத்தெலும்புச் செல்லைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். அது அழுத்தத்தை உணரும் என்று ஒரு நாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. அன்றிரவே தேடிப் படித்தேன். செல்லின் சவ்வில் இழுப்பையும் அழுத்தத்தையும் உணர்ந்து கால்சியத்தை உள்ளே விடும் வாயில்கள் இருக்கின்றன. மிதமான சுமைக்கு டிஆர்பிவி4, மிகையான சுமைக்கு பியசோ1, பியசோ2. இந்த பியசோ வாயில்களை 2010-இல் அடையாளம் காட்டியது அறிவியலாளர் ஆர்டெம் படபூட்டியனின் குழு. அவருக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. சுமை அளவு மீறினால் செல்களே மடியும்.

அந்த அளவைத்தான் இங்கே கவனமாகப் பார்க்கிறார்கள். முதல் வாரம் சமதரையில் பத்து நிமிட நடை, இப்போது 25. உயரமான நாற்காலியிலிருந்து எட்டு முறை எழுந்து உட்கார வேண்டும். குந்தக் கூடாது. ரப்பர் தோட்டத்துச் சரிவில் இறங்கவும் இப்போதைக்கு அனுமதியில்லை. மறுநாள் காலையிலும் வலி நீடித்தால் அன்று பாதியாகக் குறைக்கிறார்கள். தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளரும் என்று ஆசை காட்டவில்லை. அந்த நேர்மைக்காகவே மற்றவர்களிடமும் சொல்கிறேன்.

முதல் நாள் 500 ரூபாய், பிறகு தடவைக்கு 300. மாலையில் கூட்டம் அதிகம். காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள்.

பெரிய குறை ஒன்று உண்டு. நிலையம் மாடியில் இருக்கிறது. 19 படிகள், கடைசித் திருப்பத்தில் கைப்பிடி இல்லை. முழங்கால் வலியோடு வருபவர்களை இப்படி ஏறவைப்பது சரியில்லை. கைப்பிடி வைக்கச் சொல்லி அங்குள்ள குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை போகும்போது மறுபடியும் கேட்பேன்.