ஒரே துண்டு ஸ்நோ சூட்: இரண்டு குளிர்காலம் பாவித்த பிறகு

வாங்கும்போது மகனுக்கு இரண்டரை வயது, இப்போது மூன்றரை. கழுத்திலிருந்து கால்வரை ஒரே துண்டாக வரும் ஸ்நோ சூட், நவம்பர் சேலில் 90 டொலர். ஒன்ராறியோவில் பிள்ளைகளின் உடுப்புக்கு மாகாண வரி கிடையாது, 5 வீதம் மட்டும்தான், ரசீதை ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பனிப் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் இந்த விலையில் வருகிற நாலைந்தைக் கடையில் புரட்டிப் பார்த்துவிட்டேன், எல்லாம் ஏறக்குறைய ஒரே தையல்தான். மகள் முதலாம் வகுப்பு, அவளுக்கு ஜாக்கெட் வேறு, தோளில் பட்டி போட்ட ஸ்நோ பான்ட்ஸ் வேறு. அதனால் வீட்டிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே ஸ்நோ போகாது. வீட்டுக்குப் பின்னால் சின்ன மேடு ஒன்று இருக்கிறது, இரண்டு பேரும் அதில் வயிற்றால் சறுக்குவார்கள். மூன்றாவது தரம் சறுக்கும்போதே மகளின் ஜாக்கெட் மேலே ஏறி, முதுகுப் பக்கம் ஒரு கைப்பிடி ஸ்நோ உள்ளே போய், அழுகை தொடங்கிவிடும். இவன் தலைகீழாக உருண்டாலும் இடுப்பில் இடைவெளி இல்லை, ஒன்றும் ஆகாது. முழங்காலிலும் இருக்கையிலும் இரட்டைத் துணி. இரண்டு குளிர்காலம் மண், உப்பு, ஐஸ் எல்லாவற்றிலும் தவழ்ந்த பிறகும் கிழியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கையிலும் காலிலும் உள்ளே போட்டிருந்த மஞ்சள் நூல் தையல். பிள்ளை வளர்ந்ததும் அந்த நூலை வெட்டிவிட்டால் மடித்து வைத்த துணி இறங்கும். எங்களுக்கு ஒவ்வொரு பக்கமும் 4 சென்ரிமீட்டர் கிடைத்தது, இரண்டாவது குளிர்காலம் ஓடியது அதனால்தான். வாங்கும்போது உள்பக்கத்தைத் திருப்பி இந்தத் தையல் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அடுத்த வருடம் திரும்பவும் 90 டொலர்.

சரி, இனிக் குறை. ஜனவரியில் ஒரு ஞாயிறு, ரொறன்ரோவின் கிழக்கே இருக்கிற ரூஜ் தேசிய நகரப் பூங்காவுக்குப் போனோம். நுழைவு இலவசம், மிருகக்காட்சிச்சாலைக்குப் பக்கத்தில் விஸ்டா என்ற நடைபாதை இருக்கிறது, சின்னக் கால்களுக்கு ஏற்ற தூரம், மேலேயிருந்து பள்ளத்தாக்கைப் பார்க்க ஒரு தளமும் கட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு -11. காரின் பின்கதவைத் திறந்து அவனை அங்கே இருத்தி, சூட், பூட்ஸ், கழுத்துக்கு நெக் வார்மர், தொப்பி, மிட்டன் என்று எல்லாம் போட்டு முடிக்கப் பதினைந்து நிமிடம். நடந்தது பத்து நிமிடம் இருக்காது. "அம்மா, சூ வருகுது."

ஒரே துண்டு சூட்டில் இதற்கு வழியே இல்லை. மிட்டனைக் கழற்றி, சிப்பை இறக்கி, இரண்டு கையையும் வெளியே எடுத்து, முழுவதையும் கணுக்கால்வரை இறக்க வேண்டும், அதற்குள் சூட்டின் கையிரண்டும் ஸ்நோவில் தொங்கி நனைந்துவிடும். நான் அவனைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினேன், பாதி வழியிலேயே காரியம் முடிந்துவிட்டது. டயப்பர் போடுகிற வயதில் இந்த யோசனையே வராது, அந்த வயதுக்கு இதைவிட நல்ல உடுப்பு இல்லை. டயப்பரை விட்ட நாளிலிருந்து இதே சூட் எதிரியாகிவிடும்.

சிப்பும் இரண்டாவது வருடம் மக்கர் பண்ணத் தொடங்கியது, உள்ளே இருக்கும் துணியைக் கவ்விக்கொண்டு நகராது. எங்கள் அம்மா ஒரு மெழுகுதிரியை எடுத்து மேலும் கீழும் தேய்த்துவிட்டா, ஊரில் பள்ளிக்கூடப் பைக்குச் செய்த அதே வைத்தியம். இன்றுவரை வேலை செய்கிறது. பூட்ஸின் அடியில் மாட்டுகிற இலாஸ்டிக் மூன்றே கிழமையில் அறுந்தது, அதை நானே தைத்துப் போட்டேன்.

லேபிளில் -30 வரை தாங்கும் என்று போட்டிருக்கிறார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம், உள்ளே என்ன போடுகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. பருத்தி பனியன் போட்டால் ஓடி வியர்த்ததும் ஈரம் உடம்போடு ஒட்டிவிடும், நின்றவுடன் பிள்ளை நடுங்கும். கம்பளி, அல்லது மலிவாகக் கிடைக்கிற பொலியெஸ்டர் உள்ளாடை, மேலே ஒரு பிளீஸ், அதற்கு மேல் சூட், போதும். அம்மா நாலு ஸ்வெட்டர் போட்டு அனுப்பப் பார்ப்பா, "பிள்ளை விறைச்சுப் போகும்" என்று. பிடரியில் விரல் வைத்துப் பாருங்கள், ஈரமாக இருந்தால் உடுப்பு ஒன்று கூடிவிட்டது. காற்றுக் குளிர் (wind chill, காற்றோடு சேர்த்து உடம்புக்குத் தெரிகிற குளிர்) -28 என்று சொல்லும் நாளில் எந்தச் சூட் போட்டும் பிரயோசனமில்லை, திறந்திருக்கிற கன்னம் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம், அன்றைக்கு வீட்டில் இருப்பதே புத்தி.

தண்ணீர் தாங்குவது 5,000 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தது, அதாவது துணி ஒழுகாமல் எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்ற அளவு. ஜனவரியின் உலர்ந்த ஸ்நோவுக்கு அது தாராளம். மார்ச்சில் உருகிக் கிடக்கிற சேற்று ஸ்நோவில் இருந்தால் முக்கால் மணித்தியாலத்தில் பின்பக்கம் நனைந்துவிடுகிறது. 10,000 உள்ளதற்கு இன்னும் 30, 40 டொலர் கூட, வசதியிருந்தால் அதை எடுங்கள். கழுவும்போது சொஃப்ட்னர் ஊற்ற வேண்டாம், வெளித்துணியில் தண்ணீர் வழுக்கி ஓடுவது அதோடு போய்விடும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. இதைப் போட்டபடி கார் சீட்டில் கட்டக் கூடாது. பெல்ட் இறுக்கமாக இருப்பதுபோல் தெரியும், ஆனால் இறுகுவது பஞ்சுதான், மோதினால் பஞ்சு அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும். பிளீஸோடு கட்டி, மேலே ஒரு போர்வை போட்டு, போய்ச் சேர்ந்த பிறகு சூட்டை மாட்டுங்கள். தரிப்பிடத்தில் பதினைந்து நிமிடம் போனது இதனால்தான்.

செப்டெம்பரில் இவன் ஜூனியர் கிண்டர்கார்டன் போகிறான். வகுப்பில் அத்தனை பிள்ளைகளுக்கும் ஆசிரியை ஒவ்வொருவராக மாட்டிவிட மாட்டா, அதனால் அடுத்த குளிருக்கு அக்காவைப் போல இரண்டு துண்டுதான், தானே இழுத்துப் போட்டுக்கொள்வான். முதுகில் ஸ்நோ போனால் போகட்டும்.

மூன்று வயதுவரை என்றால் ஐந்துக்கு நாலரை. அதற்கு மேல் இரண்டுகூடக் கொடுக்க மாட்டேன். மார்க்கம் நகரில் இருக்கிற தங்கச்சி தன் மகளுக்கு இந்தச் சூட்டைக் கேட்டிருக்கிறா, பிள்ளைக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. மஞ்சள் நூலை வெட்டிவிட்டேன், திரும்ப மடித்து நீதான் தைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.