உருகிய பாலித்தீனின் ஓட்டத்தை அறிய எங்களுக்கு உதவியவை: ஒரு நெடுநாள் அனுபவம்

மலேசியாவின் சுங்கைப்பட்டாணியைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களுக்குக் கறுப்பு நாற்றுப் பைகள் செய்து தரும் சிறிய தொழிற்கூடத்தில் தரக் கட்டுப்பாட்டுப் பணியில் இருக்கிறேன். பிளாஸ்டிக்கை உருக்கி, உள்ளே சுழலும் திருகால் முன்தள்ளி, டை என்ற அச்சின் இடுக்கு வழியே பிதுக்கும் எக்ஸ்ட்ரூடருக்குள் உருகிய பாலித்தீன் எவ்வாறு ஓடுகிறது என்பதை அறிய நாங்கள் நீண்ட காலமாக நம்பியிருப்பவை உருகுபாய்வுக் குறியீட்டுக் கருவி, டைக்கு முன் பொருத்திய அழுத்த உணரி, திருகை உருவிப் பார்க்கும் முறை ஆகிய மூன்றே.

முதற்கருவி, 190 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 2.16 கிலோகிராம் எடையால் அழுத்தப்படும் பாலித்தீன், 2.095 மில்லிமீட்டர் துளை வழியே 10 நிமிடத்தில் எத்தனை கிராம் வெளிவருகிறது என்று அளக்கிறது. சூடு ஆறுமுன் பருத்தித் துணியால் துடைத்து வைத்தால் பல்லாண்டு உழைக்கும். துளையில் கரி படிந்தால் அளவு மெல்ல விலகும். ஆனால் குறியீடு 1 (10 நிமிடத்தில் 1 கிராம்) உள்ள பாலித்தீன் இத்துளையில் நொடிக்கு ஏறத்தாழ 2 என்ற சறுக்கு வீதத்தில்தான் (உருகலின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும் வீதம்) நகர்கிறது. டையின் இடுக்கிலோ அது நூற்றுக்கணக்கில் இருக்கும். வீட்டு வாசலில் உருட்டிப் பார்த்து வண்டியின் நெடுஞ்சாலை ஓட்டத்தைக் கணிப்பதற்கு இது ஒப்பாகும். ஒரே குறியீடு கொண்ட எல்.டி.பி.இ. (குறை அடர்த்திப் பாலித்தீன்), எல்.எல்.டி.பி.இ. (நேர்கோட்டுக் குறை அடர்த்திப் பாலித்தீன்) இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்: நீண்ட கிளைகள் உடைய முன்னது வேகம் கூடக்கூட எளிதில் இளகிக் கொடுக்கும், பின்னதோ மோட்டாரின் சுமையையும் டை அழுத்தத்தையும் ஏற்றிவிடும். ஆகவே 21.6 கிலோகிராம் எடையையும் சேர்த்து வாங்குமாறு பரிந்துரைக்கிறேன். இரு எடைகளில் கிடைக்கும் அளவுகளின் விகிதமே பொருளின் போக்கை ஓரளவு காட்டும். துளையிலிருந்து வரும் இழையின் மேற்பரப்பு சுறாத்தோலைப் போல் சொரசொரப்பாகிறதா என்பதையும் அப்போதே கண்ணால் பார்க்கலாம்.

அழுத்த உணரியைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் உண்டு: இயந்திரம் குளிர்ந்த பின் அதைக் கழற்றக் கூடாது, இறுகிய பிளாஸ்டிக் அதன் மெல்லிய முகத்தைக் கிழித்துவிடும்.

எங்களுக்கு மிகுதியாகக் கற்றுக் கொடுத்தது மூன்றாவது முறை. 1959இல் மேடாக் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வின் வழியே பரவிய இதில், ஒரே சீராக ஓடும் எக்ஸ்ட்ரூடரில் சில நிறக் குருணைகளை இட்டுத் திருகை நிறுத்தி, பேரலை (திருகைச் சூழ்ந்த உருளைக் குழாயை) விரைவாகக் குளிர்வித்து, பின்னர் மேலோடு மட்டும் இளகுமளவு சூடேற்றித் திருகை வெளியே தள்ள வேண்டும். திருகின் மேல் சுருளாக உறைந்திருக்கும் பாலித்தீனைக் கழற்றிக் குறுக்கே வெட்டினால், பேரல் சுவரில் உருகிய மெல்லிய படலத்தைத் திருகின் விளிம்பு வழித்தெடுத்துத் தனக்கு முன்னே குளம்போல் சேர்ப்பதும், எஞ்சிய திடப் படுகை படிப்படியாக ஒடுங்குவதும் தெளிவாகத் தெரியும். இதே காட்சியைத்தான் 1966இல் டாட்மோர் என்ற ஆய்வாளர் கணித வடிவில் எழுதினார். எங்கள் திருகில், சுழல்வேகத்தைக் கூட்டியபோது திடப் படுகை முனையை நோக்கி நீண்டதைப் பார்த்த பிறகே, இரவு வேலைக்காரர்கள் கணக்கை முடிக்க வேகத்தை ஏற்றும் நாள்களில் பைகளின் தடிமன் ஏன் ஏறி இறங்குகிறது என்பது மேலாளருக்கும் விளங்கியது. எந்த வரைபடத்தைக் காட்டியும் அவர் அதுவரை ஒப்புக்கொண்டதில்லை.

இம்முறைக்காக உற்பத்தியை நிறுத்த வேண்டியிருப்பதால், புதிய ரெசினோ (மூலப் பிளாஸ்டிக்) புதிய திருகோ வரும்போது மட்டுமே செய்கிறோம். உயர் வேகங்களில் பாகுநிலையை நேரடியாக அளக்கும் தந்துகி ரியோமீட்டர் எங்கள் அளவுக்கு மிகை. தேவைப்பட்டால் மாதிரியை வெளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக்கொள்கிறோம்.